மலிவு — யாருக்கு?

"எவன் குறைத்துப் போட்டானோ, அவனுக்கே டெண்டர்!" — நம் நாட்டுச் சர்க்கார் அலுவலகங்களிலே நெடுநாளாக ஓதப்பட்டு வரும் மந்திரம் இது. இதை உச்சரித்துவிட்டால் போதும். கேள்வி கேட்பார் இல்லை, கணக்கு அதிகாரி கண்டுகொள்வதில்லை, தணிக்கைக்காரர் தடை எழுப்புவதில்லை, மேசைமீது குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் கோப்பு குதித்தோடும். இந்த மந்திரத்துக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு: 'எல்-ஒன்'. காண்டிராக்டர் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த பெயர் அது. எல்-ஒன் என்றால், எல்லோரையும்விடக் குறைந்த விலை போட்டவர். அவர் தரும் சரக்கு எங்கே, எப்படிச் செய்யப்பட்டது. அதைக் கையாளும் தொழிலாளியின் கதி என்ன. காரியம் முடிந்த பிறகு அது போய்ச் சேரும் குப்பைமேடு எந்த ஏழையின் குடிசைக்குப் பக்கத்திலே இருக்கிறது — இவையெல்லாம் எல்-ஒன்னின் அகராதியிலே இடம்பெறாத சொற்கள்!

உலகத்திலே பல நாடுகள் இந்த மந்திரத்தை மாற்றி எழுதத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. காற்றையும் நீரையும் மண்ணையும் கெடுக்காத பொருளைத்தான் சர்க்கார் வாங்கவேண்டும், கெடுக்காத முறையிலேதான் வேலை வாங்கவேண்டும் என்று விதி வகுத்திருக்கிறார்கள். 'பசுமைக் கொள்முதல்' என்று அதற்குப் பெயர். ஜப்பானியர் 2000-ஆம் ஆண்டிலேயே இதற்கென்று தனிச் சட்டம் செய்து, 2001-லிருந்து நடத்தி வருகிறார்கள்.

பெயரைக் கேட்டதும் நம் தோழர்களிலே சிலர் முகம் சுளிக்கக்கூடும். "வயிற்றுக்குச் சோறு தேடி அலைபவனிடம் வந்து, பசுமை, தூய்மை என்று பேசுகிறீர்களே, இது குளிர் அறையிலே கொலுவீற்றிருக்கும் கனவான்களின் பொழுதுபோக்கு அல்லவா?" என்று கேட்கக்கூடும். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், புகை முதலிலே எவன் மூக்கிலே ஏறுகிறது, சாயத் தண்ணீர் முதலிலே எவன் கிணற்றிலே இறங்குகிறது என்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். கனவானுக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஜன்னலே இல்லாதவன் என்ன செய்வான்?

சர்க்கார் என்னும் வாடிக்கைக்காரர் சாமான்யர் அல்ல, தோழர்களே! நாம் கடைக்குப் போய், "இந்தச் சோப்பு வேண்டாம், அந்தச் சோப்பு கொடு" என்றால், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், அத்தோடு சரி. சோப்பு முதலாளியின் தூக்கம் கெடாது. சர்க்கார், "இன்ன சரக்கு இனி வேண்டாம்" என்று ஒரு வரி எழுதினால், முதலாளி எழுந்து உட்காருவார். அடுத்த ஆண்டே இயந்திரத்தை மாற்றுவார். பள்ளிக்கூடத்துக்குப் பலகை, ஆஸ்பத்திரிக்குக் கட்டில், தெருவுக்கு விளக்கு, சாலைக்குத் தார், அலுவலகத்துக்குத் தாள், கட்டடத்துக்குச் செங்கல், ஊர் சுத்தத்துக்குப் பினாயில், பயணத்துக்குப் பஸ் — இத்தனையும் வாங்குகிற கை ஒரே கை. ஐரோப்பியக் கூட்டமைப்பு நாடுகளிலே மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 14 விழுக்காடு, பொது நிறுவனங்கள் பொருளுக்கும் வேலைக்கும் தரும் பணம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கை எந்தப் பக்கம் நீளுகிறதோ, அந்தப் பக்கம் சந்தை சாய்கிறது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. எல்.இ.டி. பல்பு என்று இன்று குடிசையிலும் எரிகிறதே, அதன் கதையைக் கேளுங்கள். மத்திய சர்க்காரைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று, 2014-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே அதை மொத்தமாக வாங்க முன்வந்தபோது, பல்பு ஒன்றுக்கு 310 ரூபாய் விலை சொன்னார்கள். இலட்சம் இலட்சமாக, பிறகு கோடி கோடியாக, தரம் இது, உழைக்க வேண்டிய காலம் இது என்று விதித்து வாங்க வாங்க, 2016-ஆம் ஆண்டிலே அது 38 ரூபாய்க்கு இறங்கிற்று! 310 எங்கே, 38 எங்கே! முதலாளிகள் தர்மவான்களாகிவிட்டார்களா? இல்லை. பெரிய வாடிக்கைக்காரர் ஒருவர் உறுதியாக நின்றார், விலை பணிந்தது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் அந்தத் திட்டத்தின் வழியே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

'மலிவு' என்ற சொல்லின் மாயத்தையும் அந்தப் பல்பை வைத்தே பார்த்துவிடலாம். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று. அதே அளவு வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. ஒன்று. கடையிலே குண்டு பல்புதான் மலிவு. எல்-ஒன் அதிகாரி அதைத்தான் வாங்கியிருப்பார், வாங்கிவிட்டு மார்தட்டியிருப்பார். நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால், குண்டு பல்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 110 யூனிட் தின்னும். மற்றது 16 யூனிட்டோடு நிற்கும். யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு 550 ரூபாய்; மற்றொன்றுக்கு 80 சொச்சம். எது மலிவு? வாங்கும்போது மிஞ்சிய இருபது முப்பது ரூபாயை, எரியும்போது இருபது மடங்காகக் கொட்டி அழுவதற்குப் பெயர் சிக்கனமா? பொருளின் விலை என்பது கடைக்காரர் எழுதித் தரும் சீட்டு மட்டும் அல்ல. வாங்கும் நாள் முதல் தூக்கி எறியும் நாள் வரை அது விழுங்கும் மொத்தப் பணமும் அதன் விலைதான். பசுமைக் கொள்முதல் விதிகள் அத்தனைக்கும் அடிப்படை இந்தக் கணக்குத்தான்.

இது சர்க்காரின் சட்டைப்பையிலிருந்து போகும் பணம். சர்க்காரின் பையிலிருந்து போகாமல், வேறொருவன் உடம்பிலிருந்து போகும் விலையும் உண்டு. அதை எந்தச் சீட்டிலும் எழுதுவதில்லை.

ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கும் தாயைப் பாருங்கள். வாளியிலே பினாயில், பக்கத்திலே பிளீச்சிங் பவுடர், கழிப்பறைக்கு ஆசிட். கை வெந்து, தோல் உரிந்து, மூச்சு இரைக்க இரைக்க வேலை செய்கிறாள். அவளை அந்த வேலைக்கு வைத்திருப்பவர் காண்டிராக்டர். காண்டிராக்டர் அந்த வேலையைப் பெற்றது, குறைத்துப் போட்டதால். எங்கிருந்து குறைத்தார்? தன் இலாபத்திலிருந்தா குறைப்பார்! ஆசிட்டின் தரத்திலே கொஞ்சம், கையுறையிலே கொஞ்சம், கூலியிலே மிச்சம். மூன்று குறைப்பும் சேர்ந்துதான் எல்-ஒன். சர்க்கார் ஏட்டிலே 'மிச்சம்' என்று வரவு வைக்கப்படுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும், அவளுடைய நுரையீரலிலே ஒரு செலவுக் கணக்கு எழுதப்படுகிறது. சுத்தம் செய்யும் வேலைக்கு டெண்டர் விடுகிற சர்க்கார், "நாற்றமும் எரிச்சலும் தராத, ஆற்றிலே போய்ச் சேர்ந்தால் மீனைக் கொல்லாத, கையைப் பொசுக்காத திரவத்தைத்தான் பயன்படுத்தவேண்டும், கையுறையும் முகமூடியும் காண்டிராக்டர் செலவு, கூலி இவ்வளவுக்குக் குறையக்கூடாது" என்று எழுதினால், அதுதான் பசுமைக் கொள்முதல். அது கனவான் பொழுதுபோக்கா, பாட்டாளியின் உயிர்ப் பிரச்சினையா என்பதைத் தோழர்களே தீர்மானிக்கலாம்.

"அப்படியெல்லாம் எழுதச் சட்டம் இடம் தராதே!" — இது அதிகாரிகள் அணிந்துகொள்ளும் கவசம். சட்டம் என்ன சொல்கிறது என்று நாமே எடுத்துப் படித்துவிடுவோம். தமிழ்நாட்டிலே 1998-ஆம் ஆண்டு நிறைவேறிய டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. அதன் பத்தாவது பிரிவு, குறைந்த டெண்டரைத்தான் ஏற்கவேண்டும் என்கிறது. உண்மை. ஆனால், அந்த வாக்கியத்தை அங்கேயே முறித்துப் படிப்பதுதான் சூது. டெண்டர் ஆவணத்திலே குறிப்பிட்டிருக்கும், விருப்பு வெறுப்பற்ற, அளந்து சொல்லக்கூடிய அம்சங்களைக் கொண்டு, அவற்றுக்குள் இதற்கு இவ்வளவு எடை, அதற்கு அவ்வளவு எடை என்று நிறுத்துப் பார்த்து, அதன்பேரிலே 'குறைந்தது' எது என்று கண்டுபிடிக்கவேண்டும் என்பதுதான் பிரிவின் முழு வாசகத்துடைய பொருள். அம்சங்கள்! எடை! அளந்து சொல்லக்கூடியவை! புகையை அளக்க முடியாதா? இரைச்சலை அளக்க முடியாதா? மின்சாரச் செலவை அளக்க முடியாதா? கதவைச் சட்டம் திறந்தே வைத்திருக்கிறது. உள்ளே போக மனமில்லாதவர்கள், பூட்டியிருக்கிறது என்று சொல்லித் திரும்புகிறார்கள்.

டில்லியிலே நிலைமை இதைவிட மேலா என்றால், கொஞ்சம் அசைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளிலே, சர்க்கார் வாங்கும் மின்சாதனங்கள் குறிப்பிட்ட நட்சத்திர முத்திரை பெற்றவையாக இருக்கவேண்டும் என்று சேர்த்தார்கள். 2021 அக்டோபர் 29 அன்று நிதி அமைச்சகம் வெளியிட்ட அறிவுரையிலே, சில கட்டுமான வேலைகளுக்கும் சேவைகளுக்கும் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் போடலாம், அது 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றார்கள். எல்-ஒன் முறை எப்போதும் நல்ல பலன் தருவதில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் இதிலே நாம் காணும் செய்தி.

இதற்கும் முன்னால், வேறொரு பெயரிலே, 1999 செப்டம்பர் 14 அன்று ஒரு நல்ல உத்தரவு பிறந்தது. நிலக்கரி எரிக்கும் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் செய்யும் செங்கலிலே, எடையில் நாலில் ஒரு பங்காவது நிலையத்துச் சாம்பல் இருக்கவேண்டும்; கட்டுமானம் செய்யும் சர்க்கார் துறைகளும் சாம்பல் கலந்த பொருள்களைப் பயன்படுத்தவேண்டும்; நிலையங்கள் பத்தாண்டுக் காலம் சாம்பலைக் காசு வாங்காமல் தரவேண்டும் என்பது அது. பிற்பாடு சுற்றளவை 100 கிலோமீட்டர் என்றும், 300 கிலோமீட்டர் என்றும் விரித்தார்கள். இதன் அருமை எண்ணூர்க்காரருக்குத் தெரியும். குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றிலே சாம்பல் படிந்து, மீன் பாடு குறைந்து, வலைக்குப் பதிலாக மனுவைக் கையிலே எடுத்துக்கொண்டு அலைந்தவர்கள் அவர்கள். செங்கல்லாகிச் சுவர் ஏறவேண்டிய சாம்பல், ஆற்றிலே இறங்கிற்று. உத்தரவு இருந்தது, ஒவ்வொரு கட்டட டெண்டரிலும் அது ஒரு நிபந்தனையாக எழுதப்பட்டதா, எழுதப்பட்டது வேலை நடந்த இடத்திலே சோதிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. நல்ல உத்தரவு கோட்டையிலே பிறந்து கோப்பிலே இறப்பது நமக்குப் புதிதல்ல.

சரி, எழுதினால் என்ன நடக்கும்? காண்டிராக்டர் வழக்குப் போடமாட்டாரா? போடுவார். போட்டார்! அந்தக் கதை நடந்த இடம், பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கி. தோழர்கள் பொறுமையோடு கேட்கவேண்டிய கதை. ஏனென்றால், நம் ஊர் நகராட்சியிலே நாளை எழப்போகும் ஒவ்வொரு ஆட்சேபமும் அங்கே எழுந்து, பதிலும் பெற்றுவிட்டது.

1997 ஆகஸ்டிலே ஹெல்சிங்கி நகரம், தன் பஸ் தடங்களை நடத்த டெண்டர் கேட்டது. மதிப்பெண் முறை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. குறைந்த விலை போட்டவருக்கு 86 மதிப்பெண். வண்டிகளின் தரத்துக்கு அதிகபட்சம் 10. வண்டியின் தரம் என்றால் இருக்கையின் மெத்தை மட்டுமா? இல்லை. வண்டி கக்கும் நைட்ரஜன் ஆக்சைடு, கிலோவாட் மணிக்கு 4 கிராமுக்குக் கீழே இருந்தால் வண்டிக்கு 2.5 புள்ளி, 2 கிராமுக்குக் கீழே இருந்தால் 3.5 புள்ளி. வெளியே கேட்கும் இரைச்சல் 77 டெசிபலுக்குக் கீழே இருந்தால் மேலும் 1. எண்ணாலே எழுதினார்கள், தோழர்களே! 'சுற்றுச்சூழலுக்கு உகந்த வண்டி' என்று வழவழவென்று எழுதவில்லை.

62-ஆம் எண் தடம் அடங்கிய பகுதிக்குப் போட்டி போட்டவர்களிலே இருவர் முக்கியமானவர்கள். ஒருவர், கான்கார்டியா என்று பின்னர் பெயர் பெற்ற தனியார் கம்பெனி. மற்றவர், நகரத்துக்குச் சொந்தமான பஸ் நிறுவனம். குறைத்துப் போட்டது தனியார் கம்பெனிதான். விலைக்கு முழு 86 வாங்கிற்று. நகர நிறுவனத்துக்கு 85.75. கால் மதிப்பெண் வித்தியாசம்! எல்-ஒன் பூசாரிகள் அங்கே இருந்திருந்தால், அந்தக் கால் மதிப்பெண்ணோடு கதையை முடித்து மாலை போட்டிருப்பார்கள். ஆனால் வண்டித் தரத்தைக் கணக்கிட்டார்கள். நகர நிறுவனத்திடம் எரிவாயுவிலே ஓடும், புகை குறைந்த, இரைச்சல் அடங்கிய பஸ்கள் இருந்தன; 2.94 வாங்கிற்று. தனியார் கம்பெனிக்கு, விலை குறைத்துப் போட்ட அந்த டெண்டரிலே, கழித்தல் 1.44! நிர்வாக முறைக்கான மதிப்பெண்ணிலே இருவரும் சமம். கூட்டிப் பார்த்தால் நகர நிறுவனத்துக்கு 92.69, கம்பெனிக்கு 88.56. 1998 பிப்ரவரி 12 அன்று நகரத்தின் கமிட்டி, நகர நிறுவனத்தையே தேர்ந்தெடுத்தது.

கம்பெனி சும்மா இருக்குமா! "விலையை விட்டுவிட்டுப் புகையைப் பார்ப்பதா? புகை குறைந்தால் நகராட்சிக்கு என்ன காசு மிச்சம்? எரிவாயு பஸ் வைத்திருப்பது அந்த ஒரே நிறுவனம். ஊரிலேயே எரிவாயு நிரப்பும் நிலையம் ஒன்றே ஒன்று. அளவெடுத்துத் தைத்த சட்டை இது!" என்று வழக்கு. வழக்கு பின்லாந்தின் உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பிய நீதிமன்றத்தின் வாசலுக்குப் போயிற்று.

2002 செப்டம்பர் 17 அன்று தீர்ப்பு. டெண்டரைத் தீர்மானிக்கும் அம்சம் ஒவ்வொன்றும் காசுக் கணக்காகவே இருக்கவேண்டும் என்பது இல்லை என்றது நீதிமன்றம். புகையும் இரைச்சலும் பஸ் ஓட்டும் வேலையோடு ஒட்டியவையே. ஆகவே சுற்றுச்சூழலுக்கு மதிப்பெண் போடலாம். ஆனால் கட்டுப்பாடுகள் உண்டு. வாங்கும் பொருளோடு சம்பந்தம் உள்ளதாக இருக்கவேண்டும், அதிகாரிக்குத் தன்னிச்சையான அதிகாரம் தருவதாக இருக்கக்கூடாது, டெண்டர் ஆவணத்திலோ அறிவிப்பிலோ வெளிப்படையாக எழுதியிருக்கவேண்டும், பாரபட்சம் கூடாது. ஒரு சிலர்தான் அந்த நிபந்தனையை நிறைவேற்ற முடியும் என்பதனாலேயே அது பாரபட்சம் ஆகிவிடாது — அந்த ஒரு சிலரிலே ஒருவர் நகரத்தின் சொந்த நிறுவனமாகவே இருந்தாலும்கூட!

இந்தத் தீர்ப்பை நாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'பசுமை' என்ற சொல்லைக் கேட்டதும் மகிழ்ந்து கைதட்டுபவர்கள் பாட்டாளிகள் மட்டும் அல்ல, தரகர்களும் கைதட்டுவார்கள். "சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று அதிகாரி கருதினால் ஏற்கலாம்" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்த 'கருதினால்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஒரு மாதத்துக்குள் விலைப்பட்டியல் தயாராகிவிடும்! வேண்டியவனுக்கு வாசலைத் திறக்கவும், வேண்டாதவனை வெளியே தள்ளவும் பசுமைச் சாயம் பூசிய தாழ்ப்பாள் வசதியாக இருக்கும். எல்-ஒன் முறைக்கு ஒரே ஒரு நற்குணம் உண்டு என்றால், அது எண், எவரும் சரிபார்க்கலாம். அந்த நற்குணத்தை இழக்காமல், எண்ணோடு எண்ணாகப் புகையையும் நீரையும் கூலியையும் சேர்க்கவேண்டும். அதுதான் ஹெல்சிங்கியிலே நடந்தது.

சிறு தொழில்காரர் கவலை ஒன்று இருக்கிறது; நியாயமான கவலை. "சான்றிதழ் கேட்பார்களே! பெரிய கம்பெனி பணத்தை வீசி முத்திரை வாங்கிவிடும். மகளிர் குழுவிலே பினாயில் காய்ச்சும் பத்துப் பெண்கள் எங்கே போவார்கள்?" என்கிறார்கள். நம் நாட்டு முத்திரையின் வரலாறும் ஊக்கம் தருவதாக இல்லை. 1991-லே டில்லி சர்க்கார் 'ஈகோமார்க்' என்று ஒன்றைத் தொடங்கிற்று. அதற்குச் சின்னம், மண்பானை! மண்ணிலே பிறந்து மண்ணுக்கே திரும்பும் பானையைவிடப் பொருத்தமான சின்னம் கிடையாது, தேர்ந்தெடுத்தவரைப் பாராட்டலாம். ஆனால் முத்திரை வாங்க முன்வந்த கம்பெனிகள் மிகச் சில. பானை காலியாகவே கிடந்தது. 2024-லே புது விதிகள் எழுதி, பானையை மறுபடி அடுப்பிலே ஏற்றியிருக்கிறார்கள். சர்க்காரே வாங்க முன்வராத முத்திரையை, முதலாளி எதற்காகத் தேடிப் போவான்?

சான்றிதழ் சிக்கலுக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் 2012 மே 10 அன்று ஒரு விடை கூறியிருக்கிறது. ஹாலந்திலே ஒரு மாகாண சர்க்கார், தன் அலுவலகங்களுக்குக் காப்பி இயந்திரமும் காப்பித்தூளும் வாங்க டெண்டர் விட்டது. இரசாயன உரமில்லாமல் விளைந்ததற்கான முத்திரையையும், சிறு விவசாயிக்கு நியாய விலை கொடுத்து வாங்கியதற்கான முத்திரையையும் பெயர் சொல்லிக் கேட்டது. நீதிமன்றம், பெயர் சொல்லி முத்திரை கேட்பது தவறு என்றது. அந்த முத்திரைக்குப் பின்னால் இருக்கும் நிபந்தனைகளை வரிசையாக எழுது, அவற்றை நிறைவேற்றியதற்கு வேறு எந்தத் தகுந்த சான்று கொண்டுவந்தாலும் ஏற்றுக்கொள் என்றது. அதே தீர்ப்பிலே, விவசாயிக்கு நியாய விலை என்பதும் மதிப்பெண்ணுக்கு உரிய அம்சம் ஆகலாம் என்றும் ஒப்புக்கொண்டது. காப்பிக் கோப்பையிலே தோட்டக்காரனின் கூலியும் கலந்திருக்கிறது என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்ட பிறகு, இங்கே உள்ளவர்களுக்கு அது ஏன் விளங்கக்கூடாது? பத்துப் பெண்கள் காய்ச்சும் பினாயிலைச் சர்க்காரின் சொந்த ஆய்வுக்கூடத்திலே, சர்க்கார் செலவிலேயே சோதித்துப் பார்க்கட்டும். முத்திரைக்காக அவர்களை ஏன் விரட்டவேண்டும்?

2014-ஆம் ஆண்டு ஐரோப்பியர் கொள்முதல் விதிகளைத் திருத்தி எழுதியபோது, இன்னொரு படி ஏறினார்கள். யாராவது நம்பமுடியாத அளவுக்குக் குறைத்துப் போட்டால், ஏன் குறைவு என்று விளக்கம் கேட்கவேண்டும். தொழிலாளர் சட்டத்தையோ சுற்றுச்சூழல் சட்டத்தையோ மீறியதால் வந்த குறைவு என்று தெரிந்தால், அந்த டெண்டரைத் தள்ளியே ஆகவேண்டும் என்று எழுதினார்கள். நம் ஊரிலே அப்படிக் குறைத்துப் போடுபவருக்குத்தான் முதல் மரியாதை!

அமெரிக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே 1993-லே அதிபர் கிளிண்டன், சர்க்கார் வாங்கும் தாளிலே இருபது விழுக்காடு பழைய தாளைக் கூழாக்கிச் செய்ததாக இருக்கவேண்டும் என்றும், வாங்கும் கம்ப்யூட்டர்கள் மின்சாரம் குறைவாகத் தின்பவையாக இருக்கவேண்டும் என்றும் உத்தரவிட்டார். 2021 டிசம்பரிலே அதிபர் பைடன், சர்க்கார் கொள்முதல் முழுவதையும் பசுமை வழிக்குத் திருப்ப ஓர் உத்தரவு போட்டார். 2025 ஜனவரி 20 — டிரம்ப் பதவி ஏற்ற முதல் நாள் — அந்த உத்தரவு கிழிக்கப்பட்டது. போதாக்குறைக்கு, அதே ஆண்டு பிப்ரவரி 10 அன்று இன்னொரு உத்தரவு: சர்க்கார் அலுவலகங்கள் இனிக் காகித உறிஞ்சுகுழல் வாங்கக்கூடாது என்று! அணுகுண்டு வைத்திருக்கும் நாட்டின் தலைவர், குளிர்பானக் குழலுக்குக் கையெழுத்துப் போட்டார். சிரிக்கத் தோன்றுகிறது; ஆனால் சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடாது. ஒரு கையெழுத்தால் வந்தது, மறு கையெழுத்தால் போயிற்று என்பதுதான் விஷயம். ஆகவேதான் நாம் சுற்றறிக்கை கேட்கவில்லை. டெண்டர் சட்டத்தின்கீழ் உள்ள விதிகளிலேயே, சட்டமன்றத்தின் கண்ணுக்கு எதிரிலே, எழுதச் சொல்கிறோம்.

இனிச் சென்னைக்கு வருவோம். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்கள் புறப்பட்டன. புகை இல்லை, இரைச்சல் இல்லை, படியேற முடியாதவரும் ஏறிக்கொள்ளலாம். நல்ல வண்டி. வரவேற்கிறோம், மனமார வரவேற்கிறோம். வட சென்னையின் காற்றைச் சுவாசித்தவர் எவரும் வரவேற்காமல் இருக்கமுடியாது. ஆனால் அந்த வண்டி எந்த முறையிலே வந்தது? மாநகரப் போக்குவரத்துக் கழகம் வண்டியை வாங்கவில்லை. வண்டி காண்டிராக்டருடையது, ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கட்டுகிறது. நடத்துநர் கழகத்தின் ஆள்; ஓட்டுநர் காண்டிராக்டரின் ஆள். ஒரே பஸ்ஸிலே, முன் இருக்கைக்கு ஒரு முதலாளி, பின் கதவுக்கு ஒரு முதலாளி!

தொழிற்சங்கத் தோழர்கள் இதைக் கண்டு கொதித்தார்கள். கொதித்ததிலே தவறில்லை. கிலோமீட்டருக்கு யார் குறைத்துப் போட்டார் என்ற போட்டியிலே, பேட்டரியின் விலையைக் குறைக்கமுடியாது, மின்கட்டணத்தைக் குறைக்கமுடியாது. குறைக்கக்கூடியதாகக் காண்டிராக்டரின் கண்ணிலே படுவது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளின் சம்பளம்தான். டீசல் புகையை ஒழித்த வண்டியிலே, வேலைப் பாதுகாப்பையும் சேர்த்து ஒழிப்பதா? "மின்சார வண்டி வேண்டுமானால் இப்படித்தான் வரும்" என்று சிலர் கூறுகிறார்கள். ஹெல்சிங்கியிலே, புகை குறைந்த வண்டியை வைத்துப் போட்டியிலே வென்றது நகரத்தின் சொந்த நிறுவனம் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். பசுமைக்கும் தனியாருக்கும் தாலி கட்டி வைத்தவர் எவரும் இல்லை. அப்படியே தனியாரிடம் போகத்தான் வேண்டும் என்றாலும், ஓட்டுநரின் ஊதியம், வேலை நேரம், ஓய்வறை, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றுக்கு டெண்டர் ஆவணத்திலே எண் போட்டு எடை வைக்க, 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்தாவது பிரிவிலே இடம் இருக்கிறது.

டெண்டர் அறிவிப்புகள் இப்போது இரகசியம் அல்ல. தமிழ்நாட்டு சர்க்காரின் டெண்டர் இணையதளத்திலே எவரும் பார்க்கலாம். ஒவ்வொரு வட்டத்திலும் உள்ள நம் தோழர்கள், தத்தம் ஊர் நகராட்சி அடுத்து விடப்போகும் துப்புரவு டெண்டரை, தெருவிளக்கு டெண்டரை, கட்டட டெண்டரை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கட்டும். சாம்பல் செங்கல் நிபந்தனை எந்தப் பக்கத்திலே இருக்கிறது? விளக்கின் மின்செலவுக்கு எத்தனை மதிப்பெண்? கையுறைக்கு யார் பணம்? விடை இல்லாத பக்கங்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த நகர்மன்றக் கூட்டத்துக்கு முன்பாக நம் உறுப்பினரிடம் எழுத்திலே கொடுக்கட்டும். டெண்டர் திறக்கும் தேதிக்கு முன்பாகக் கொடுப்பது முக்கியம், திறந்த பிறகு நிபந்தனையை மாற்றமுடியாது.